பிரேக் என்று சொல்ல ஒரு பட்டன்

என் அன்பு லோகா,

வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கொடுப்பேன். எல்லார் வீட்டு அஞ்சலியிலும் வரும் அதே நாலு வரிதான். இந்த வருஷம் உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும்.

முதலில் உனக்குத் தெரியாத செய்தி. என் குரல் போய்விட்டது. தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து மிளகு ரசம் வைக்க எழுந்துவிடாதே. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

நீ போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியது. நாள் முழுக்கக் காடிக்குள் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துகிறவனுக்குத் தொண்டை கம்முவது புதுசா என்று இருந்தேன். நம் மகள் கவிதாதான் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். கட்டி என்றார்கள். ஜே.பி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண், தாளில் தொண்டையின் படத்தைப் போட்டுக் காட்டினாள். "அங்கிள், குரலா உயிரான்னு என்னைக் கேட்டா நான் உயிர்னுதான் சொல்வேன்" என்றாள். அவ்வளவு நேராகப் பேசுகிறவளிடம் என்ன வாதாடுவது? தலையை ஆட்டினேன்.

பயப்படாதே. நோய் திரும்பவில்லை. சாப்பாடு நன்றாக இறங்குகிறது. மூச்சு, கழுத்தில் ஒரு துளை வழியாகப் போய் வருகிறது. அதன்மேல் ஒரு துணி கட்டிக்கொள்கிறேன். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்தால் நீ பயந்திருப்பாயா, சிரித்திருப்பாயா?

பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று நம் ஊர் பொந்தியானில் எல்லாரும் முடிவு பண்ணிவிட்டார்கள். கொப்பித்தியாம் காப்பிக்கடையில் தே தாரே டீ கலக்குகிறவர் என்னிடம் மட்டும் கையால் படம் வரைந்து, வாயைக் கோணி, சத்தம் போட்டுப் பேசுகிறார். நான் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். கேள்விக்குப் பதில் எழுதி நிமிர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருவர் அதில் அழகாகப் பேசுகிறார். எனக்கு எவ்வளவு பழகியும் வரவில்லை. அலமாரியில் வைத்துவிட்டேன்.

வேலை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறாய்? டிரைவிங் ஸ்கூல் முதலாளி, நம் தவுக்கே, நல்ல மனுஷன், உனக்குத் தெரியும். "குணா, இனி நீ கவுண்டர்ல உக்காரு லா. வெயில் இல்ல, அலைச்சல் இல்ல" என்று மலாயில் சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் கவுண்டருக்கு வருகிறவர்களும் கேள்விதானே கேட்கிறார்கள்? நான் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டுவேன். அவர்கள் தாளைப் பார்ப்பார்கள், பிறகு என் கழுத்தைப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் என் காடியில் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் அமுதா வந்தாள்.

நாற்பதைத் தாண்டியவள். புருஷனுக்குப் பக்கவாதம். உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவரை ஜே.பி.க்கு அடிக்கடி அழைத்துப்போக வேண்டும். வீட்டு வாசலில் அவருடைய காடி சும்மா நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. யாராவது ஒருவரைக் கெஞ்சித்தான் ஒவ்வொரு தடவையும் போகிறார்கள். ஆள் கிடைக்காத வாரம் சிகிச்சையும் கிடையாது. லைசன்ஸ் டெஸ்டில் ஏற்கெனவே தோற்றிருந்தாள்.

"எனக்கு நீங்கதான் சொல்லித் தரணும் சார்" என்றாள். நான் பலகையில் "குரல் இல்லை" என்று எழுதிக் காட்டினேன்.

"தெரியும் சார். முன்ன சொல்லிக்கொடுத்த சார் நல்லா பேசினாரு. ஆனா நான் தப்பு பண்ணும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாரு. அதுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்குக் கையே ஓடல."

எனக்குப் பெருமூச்சு விடவும் வசதி இல்லை என்று எழுதிக் காட்டினேன். அவள் சிரித்தாள். தவுக்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் முயற்சி பண்ணிப் பார்க்கச் சம்மதித்தார்.

அந்த ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று சொன்னால் நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஒரு ஸ்கேலை எடுத்துப் போனேன். டாஷ்போர்டில் இடப்பக்கம் தட்டினால் இடது, வலப்பக்கம் தட்டினால் வலது, கையை விரித்தால் நில். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஓட ஆரம்பித்ததும் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். வளைவு வந்தது. நான் தட்டினேன். அவள் என் ஸ்கேலைப் பார்த்தாள். ஸ்கேலை விட்டுவிட்டு என் பக்கம் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதிப்பதற்குள் முன் சக்கரம் ஓரத்து லோங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. "நான் லாயக்கு இல்ல சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல நான் பலகையைத் தேடினேன். அது சீட்டுக்கு அடியில் போய்க் கிடந்தது. லோகா, ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அன்றைக்குத்தான். ஒரு மனுஷிக்கு ஒரு வார்த்தை தேவைப்படும்போது குனிந்து பலகை தேடுகிறேனே என்று.

தவுக்கே வந்து பார்த்தார். "குணா, ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? முடியாது லா." அவர் சொன்னதில் தப்பே இல்லை.

சனிக்கிழமை கவிதா சிங்கப்பூரிலிருந்து வந்தாள். நான் ஒழுங்காகச் சாப்பிடாததைப் பார்த்து விஷயத்தைப் பிடுங்கினாள். நம்முடைய மகள் இப்போது என் உதட்டைப் பார்த்தே பாதி வாசித்துவிடுகிறாள். எழுதினால் படிக்கிற ஆப் ஒன்று என் ஃபோனில் ஏற்கெனவே இருந்தது. அது செய்தி வாசிப்பவர் மாதிரி பேசும். "தயவுசெய்து வாகனத்தை நிறுத்துங்கள்" என்று நான் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் வாகனம் லோங்காங்கில் இருக்கும்.

"கடையில இருக்கிற ஆப் எதுக்குப்பா? நம்மளே ஒண்ணு செய்யலாம். ஏஐகிட்ட என்ன வேணும்னு சொல்லுங்க, அதுவே எழுதிக் கொடுக்கும்" என்றாள். இவளும் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லையே, கணக்கு பார்க்கிறவள்தானே? இருந்தும் சிங்கப்பூர் போகிற இரண்டாம் பாலத்தில் எப்போது கூட்டம் குறையும் என்று பார்த்துச் சொல்கிற ஒன்றை அவளே அப்படிச் செய்து வைத்திருக்கிறாளாம். நான் எனக்கு என்ன தெரியும் என்று கையை விரித்தேன்.

"ஸ்டூடன்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்கப்பா. அது போதும்."

அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, நாம் பேசுகிற தமிழிலேயே எழுதினேன். நான் டிரைவிங் சொல்லித் தருபவன். குரல் இல்லை. ஃபோனைக் காடியில் என் முன்னால் மாட்டி வைப்பேன். பெரிய பெரிய பட்டன் வேண்டும். தொட்டால் உடனே சத்தமாகப் பேச வேண்டும். எழுதி அனுப்பினேன்.

அது திருப்பி ஒரு கேள்வி கேட்டது. பட்டனைத் தொடும்போது உங்கள் கண் ஃபோனைப் பார்க்குமா, ரோட்டைப் பார்க்குமா?

லோகா, ஸ்கேல் வைத்துத் தட்டிய நான் யோசிக்காத விஷயம் அது. என் கண் ரோட்டில்தான் இருக்கும், பார்க்காமலே தொட வேண்டும் என்று எழுதினேன். அப்படியென்றால் கீழ்ப்பாதி முழுக்க பிரேக், இடது ஓரம் முழுக்க இடது, வலது ஓரம் முழுக்க வலது, மற்றதெல்லாம் நடுவில் என்று வைத்தது. கவிதா தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் என் ஃபோனில் அது வந்துவிட்டது. சிவப்பாக, கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிய பிரேக். தொட்டேன். பேசியது. பேசியதை யாரும் "என்ன, என்ன?" என்று கேட்கவில்லை.

ஆனால் நீ ஒன்றை உடனே நம்புகிற ஆளா? கெலாங் பாத்தா ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவள். புது ஃபிளாஸ்க் வாங்கினால்கூட வெந்நீரை ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பாய். அந்தப் புத்தி எனக்கும் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பட்டனையும் ஈரக்கையால் தொட்டேன், வேகமாகத் தொட்டேன், இரண்டை ஒன்றாகத் தொட்டேன். குறைகள் வரிசையாக வந்தன. இடதுக்கு மலாய்ச் சொல் ‘கிரி’ வேண்டும் என்றால், யாரோ கிரி என்கிற பெரிய மனுஷரை மரியாதையாகக் கூப்பிடுவது மாதிரி இழுத்துச் சொன்னது. நான் கேட்காமலே ஊரின் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தது, எடு என்றேன். சில நேரம் "சரி செய்துவிட்டேன்" என்று தைரியமாகச் சொல்லும். தொட்டுப் பார்த்தால் சரியாகியிருக்காது. எனக்குக் கோபமே வரவில்லை. கண்ணாடி பார்த்தேன் சார் என்று பார்க்காமலே சொல்கிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்? ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னால் குழம்புகிறது, ஒன்று ஒன்றாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறது. பாடம் எடுப்பது எனக்குத் தெரிந்த வேலைதானே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லாம் சரியாக வேலை செய்தது. திங்கட்கிழமை பயிற்சித் திடலுக்குப் போய், நிற்கிற காடியில் தனியாக உட்கார்ந்து பிரேக்கைத் தொட்டேன். சத்தமே இல்லை. திரும்பத் தொட்டேன். காடி ஓடியிருந்தால் இடித்து நின்றிருக்கும், அவ்வளவு நேரம் கழித்து "பிரேக்" என்றது.

உனக்கு ஞாபகம் இருக்கும், திடலைச் சுற்றி செம்பனைத் தோட்டம். அங்கே லைன் கிடைக்காது. குரல் இன்டர்நெட்டில் இருந்து வருகிறதாம், அதனால்தான் தாமதம். அதனிடமே கேட்டேன். சத்தங்களை ஃபோனுக்குள்ளேயே வைத்துவிட்டால் லைன் வேண்டாம், பதிவு செய்த குரல் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றது.

பதிவு செய்த குரல். கவிதாவைப் பேசச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள்தான் ஃபோனில் சொன்னாள்: "அப்பா, உங்க ஸ்டூடன்டுங்க குரூப் இருக்குல்ல? அவங்ககிட்ட உங்க குரல் இருக்கும்."

பழைய ஸ்டூடன்ட்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டேன். யாரிடமாவது நான் பேசியது இருக்கிறதா? அவ்வளவுதான் எழுதினேன்.

வந்து கொட்டியது, லோகா. சிலிப்பர் போட்டுக்கொண்டு வராதே என்று நான் அனுப்பிய குரல் செய்தி. பாதி கிளட்சில் எப்படி நிற்பது என்று விளக்கியது. இப்போது நர்ஸாக இருக்கிற ஒரு பெண், அவளுடைய தங்கை பின்சீட்டில் இருந்து எடுத்த வீடியோவை அனுப்பினாள். அதில் முன்னால் நான் உட்கார்ந்துகொண்டு, "பிரேக்! பிரேக்! அலமாக், பிரேக்குன்னா காலை எடுக்கிறதா லா!" என்று கத்துகிறேன். பின்னால் அந்தத் தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "இதை அழிக்க மனசு வரல சார்" என்று எழுதியிருந்தாள்.

வாரக் கடைசியில் கவிதாவும் நானும் அதே மேஜையில் உட்கார்ந்து கேட்டோம். அவள் முதல் செய்தியைக் கேட்டதுமே எழுந்து துணி காயப்போடப் போய்விட்டாள். காயப்போட ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். என் குரல் இவ்வளவு கரகரப்பா? இவ்வளவு வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டவள், நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

வேண்டிய சொற்களை மட்டும் வெட்டி எடுக்க ஒரு சின்னக் கருவி வேண்டும் என்று கேட்டேன். ஏஐ அதையும் அங்கேயே செய்து கொடுத்தது. ஒரு பக்கம் இழுத்தால் தொடக்கம், இன்னொரு பக்கம் இழுத்தால் முடிவு. கிரி, வலதுக்குக் கானான், மெல்ல மெல்ல, கண்ணாடியைப் பாரு, கிளட்சை விடு, பிரேக். ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். பாராட்டுகிற மாதிரி மட்டும் எங்கே தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. அதற்கு அந்தச் செய்தி வாசிப்பவரின் குரலையே பதிவு செய்து போட்டுவைத்தேன்.

அமுதாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். தவுக்கேயும் வந்தார், பின்சீட்டில் உட்கார்ந்து முதல் வேலையாக பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

முதல் வளைவில் "கிரி" என்றேன். நான்தான் என்றேன் லோகா, அப்படித்தான் தோன்றியது. அவள் ரோட்டைப் பார்த்தபடியே திரும்பினாள். "மெல்ல மெல்ல" என்றேன். மெல்ல ஆனாள். மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் ஏறினாள். அவளுக்கு "மிக நன்று, வாழ்த்துகள்" என்று செய்தி வாசிப்பவர் சொன்னார்.

"என்ன சார், திட்டும்போது மட்டும் நீங்க, பாராட்டும்போது வேற யாரோ?" என்றாள். தவுக்கேவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் என் தோள் குலுங்குவதைப் பார்த்து அவரும் சிரித்தார்.

கடைசிச் சுற்றில் செம்பனைப் பக்கமிருந்து ஒரு பெரிய உடும்பு ஓடி வந்தது. நான் யோசிக்கவில்லை. கை தானாகக் கீழே போயிற்று. "பிரேக்! பிரேக்! அலமாக்!" காடி நின்றது. உடும்பு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் கடந்து போயிற்று. என் பக்கத்துப் பிரேக்கின்மேல் கால் தயாராக இருந்தது. மிதிக்கத் தேவைப்படவில்லை.

பின்சீட்டில் இருந்து தவுக்கே, "போலே லா, குணா" என்றார். அவர் வாயிலிருந்து முடியும் என்கிற அந்தச் சொல்லைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? இப்போது திடலுக்குள் எடுக்கிற பாடமெல்லாம் என்னுடையது. வெளி ரோட்டுக்கு இன்னொருவர் அழைத்துப் போகிறார். எனக்கு அது போதும்.

அமுதா டெஸ்டில் தேறிவிட்டாள். ஒரு நாள் நம் வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள்தான், பக்கத்தில் அவளுடைய புருஷன். ஜே.பி. போய்த் திரும்பி வருகிறார்களாம். அவருக்கும் நாக்கு இன்னும் சரியாகப் புரளவில்லை. பாதி வாயால், "நல்லா... ஓட்டுறா... சார்" என்றார். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அமுதா அவருக்காகச் சொல்லி முடிக்கவில்லை, காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். சொல்லி முடித்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

இப்போது எனக்கு வேறு ஒரு வேலையும் சேர்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் மாதிரி ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எனக்குச் செய்தது அவர்களுக்கு ஆகாது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வார்த்தை வேண்டும். அதனால் என்ன? உட்கார்ந்து கேட்டு, அவரவருக்குத் தனியாக ஒன்று செய்துவிடலாம். முன்பெல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக யார் இதை எழுதுவார்கள்? இப்போது ஒரு காலை நேரம் போதுகிறது. கம்ப்யூட்டர் படித்தவர்கள் செய்தால் இதைவிட அழகாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் என்னுடையது வேலை செய்கிறது. உன் ஃபிளாஸ்க் மாதிரி கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

போன வாரம் சின்னையா வீட்டுக்குப் போனேன். பொந்தியான் சந்தையில் மீன் விற்கிறவர். அவருக்கும் எனக்கு ஆன அதே ஆபரேஷன். திரும்பக் கடை போடப் போகிறார். மீன் பெயர்களை எல்லாம் நான் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். அவர் ஃபோனை வாங்கிப் பார்த்தார், பிறகு என் பலகையை எடுத்து எழுதினார்: "மீன் அப்புறம். முதல்ல ஏய் பாக்கியம்னு போடுங்க."

பாக்கியம் அவருடைய மனைவி. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பழைய குரல் எங்கேயும் இல்லை, இயந்திரக் குரல்தான். அங்கேயே போட்டுக் கொடுத்தேன். சின்னையா சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு தொட்டார்.

"ஏய் பாக்கியம்."

"வர்றேன் வர்றேன், அப்படி என்ன அவசரம்?" என்று பின்னால் இருந்து உடனே பதில் வந்தது.

அதற்குப் பிறகு பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மா ஈரக்கையோடு வாசல்படியில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "நீங்களா கூப்டீங்க?" என்று கேட்டார். சின்னையா பதில் எழுதவில்லை. திரும்பவும் ஒரு தடவை தொட்டார்.

எனக்குச் செய்துகொண்டபோது நான் பிரேக்கில் தொடங்கினேன், லோகா. இனி யார் வந்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும்? அந்தப் பட்டனைச் செய்து, உள்ளே இருந்து பதில் வருவதைக் கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டுக்காரன்,
கவிதாவின் அப்பா,
குணா